விட்டுக்கொடுப்பதில் முந்தியவள்

வழக்குப் போட்ட நானும், என் வழக்கில் எதிராளியான தங்கச்சியும் ஒரே பஸ்ஸில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போவோம். ராஜபாளையத்தில் இருவர் வீடும் அடுத்தடுத்த தெரு. காலை வேலைகளை முடித்துவிட்டுக் கிளம்பினால் இருவருக்கும் ஒரே நேரம்தான் ஆகும், ஒரே பஸ்தான் கிடைக்கும். நான் முன்வாசலில் ஏறினால் அவள் பின்வாசலில் ஏறுவாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவேன். அவளுக்கு மட்டும் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அவள் கேட்கவும் மாட்டாள். சும்மா நிற்பாள், கொடுப்பார்கள். பிறந்ததிலிருந்தே அவள் விஷயம் இப்படித்தான் நடக்கிறது.

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது. என்னைவிட மூன்று வயது இளையவள். நிறம் அவளுக்குப் போனது, முடி அவளுக்குப் போனது, குரலும் அவளுக்கே போனது. கோயில் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தனியாகப் பாடுகிறவள் அவள். அந்தக் குழுவுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள் நான். சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே வெட்டு, தைத்ததும் ஒரே கை. ஆனாலும் அவள் போட்டுக்கொண்டு வந்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் இரவல் வாங்கிப் போட்டதுபோல் இருப்பார்கள். "அக்கா, ஒன் கை மாதிரி யாருக்கும் வராது" என்று என்னைப் புகழவும் செய்வாள். அந்தப் புகழ்ச்சியும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

வழக்கு ஒரு மாமரத்துக்காக. மேற்கே மலையடிவாரத்தில் அப்பாவுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. கடைசிக் காலத்தில் அதை நீளவாக்கில் இரண்டு பங்காக்கி மகள்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்தார். பிரித்த கோடு சரியாக ஒரு சப்பட்டை ரக மாமரத்தின் அடியில் போய் விழுந்தது. தோப்பிலேயே நல்ல காய்ப்பு அந்த மரம்தான். அதன் பழத்தை வாயில் வைத்தவர்கள் அடுத்த வருஷமும் ஞாபகம் வைத்துக் கேட்பார்கள். "ரெண்டு பேரும் பறிச்சுச் சாப்பிடுங்கட்டி" என்று அப்பா சொன்னார். அதோடு தன் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டார்.

சாப்பிடுவதில் எங்களுக்குச் சண்டை வரவில்லை. ஆண்டவருக்குக் கொடுப்பதில்தான் வந்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை மாம்பழக் காலத்தில் வரும். நிலத்தில் விளைந்தது, வீட்டில் வளர்த்தது, கையால் செய்தது என்று அவரவரால் ஆனதைக் கொண்டுவந்து காணிக்கையாகப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் அவற்றை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், முறுக்கு எல்லாம் ஏலத்தில் போகும். ஏலம் போடுகிறவர் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, இது இன்னார் வீட்டுக் காணிக்கை என்று மைக்கில் சொல்லுவார்.

அந்த மரத்துப் பழம் வருஷந்தோறும் தங்கச்சியின் கூடையில்தான் வரும். அவள் பக்கத்துக் கிளைகள் தாழ்ந்து கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். என் பக்கத்தில் ஏணி போட வேண்டும். அவள் கூடையைத் தூக்கிக் காட்டி மைக்கில் அவள் பேரைச் சொன்னால் போதும், கூட்டம் நெருக்கியடித்து முன்னால் வரும். போட்டி போட்டுக் கேட்பார்கள். நான் கொண்டுபோகிற முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கும்போது பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஒரு வருஷம் யாருமே கேட்காமல், என் வீட்டுக்காரரே பார்க்கப் பாவமாக இருந்து என் முருங்கைக்காயை ஏலத்தில் எடுத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார்தான். வாயில் வைக்கவே எனக்குக் கசந்தது.

அடுத்த பண்டிகைக்கு நான் விடுவதாக இல்லை. வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றி என் பக்கத்துக் கிளைகளில் பறிக்கச் சொன்னேன். ஏணி எட்டிய இடமெல்லாம் பறித்தோம். கொஞ்சம் அவள் பக்கமும் எட்டியது. சனிக்கிழமை சாயங்காலம் காணிக்கைகளைப் போதகர் குடியிருக்கும் குருமனையில் ஒப்படைக்க வேண்டும். கூடையோடு போனால், அங்கே அவளும் கூடையோடு நிற்கிறாள்.

"ஏங்க்கா, அது காணிக்கைக்குன்னு நான் விட்டுவச்ச காய்லா?" என்றாள்.

"நீ விட்டுவச்சியா? மரம் என்ன ஒனக்கு மட்டும் முளைச்சதா?" என்றேன்.

"அப்பா இருக்கும்போதே நான்தான கொண்டு வந்தேன்."

"அப்பா இருக்கும்போது நீ கேட்டதெல்லாம்தான் கெடைச்சுதே. இப்ப நான் கேக்கேன்."

குரல் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்த புது ஐயர், சத்தம் கேட்டு வெளியே வந்தார். இரண்டு கூடைகளையும் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். சகோதரியிடம் மனஸ்தாபம் இருக்கும்போது கொண்டுவருகிற காணிக்கையை என்ன செய்யச் சொல்லி ஆண்டவர் போதித்தார் என்று கேட்டார். பலிபீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வர வேண்டும் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். "அப்போ ரெண்டு கூடையும் இங்கேயே இருக்கட்டும். சமாதானமாகிட்டு வந்து எடுத்துக் கொடுங்க, நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாங்கள் சமாதானமாகவில்லை. குருமனை வராந்தாவில் இரண்டு கூடைப் பழமும் பழுத்து, அழுகி, ஈ மொய்த்தது. ஐயர் வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் தெளித்தார்களாம். பண்டிகை முடிந்த கையோடு தங்கச்சி மரத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாள். மரம் முழுதும் வேலிக்கு அந்தப் பக்கம். தோப்புக்குப் போய் அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. அப்பா வைத்த மரத்தை நான் தொட வேண்டுமென்றால் முள்ளில் கையை விட வேண்டும்.

கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னது ஐயர் காதுக்குப் போனது. கொரிந்து சபையாரைப் பார்த்து அப்போஸ்தலன் அந்தக் காலத்தில் ஒரு கேள்வி கேட்டார். சகோதரருக்குள் வழக்கு வந்தால் தீர்த்துவைக்க உங்கள் சபையில் விவரமுள்ளவன் ஒருவன்கூட இல்லையா, அவிசுவாசிகள் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டுமா என்று. எங்கள் ஐயர் அதற்குப் பதில் சொல்லுகிறவர் மாதிரி சபை மூப்பர்கள் மூன்று பேரை அனுப்பிவைத்தார். அவர்கள் தோப்புக்கு வந்து டேப் பிடித்து அளந்தார்கள். இளநீர் குடித்தார்கள், ஜெபம் பண்ணினார்கள். மரம் இருவருக்கும் பொது, ஒரு வருஷம் ஒருத்தி கூடை, மறு வருஷம் மற்றவள் கூடை என்று சொன்னார்கள். நியாயம்தான். எனக்கும் சம்மதம்தான்.

"முதல் வருஷம் யாருக்கு?" என்று கேட்டேன்.

சீட்டுப் போட்டார்கள். வேதத்திலேயே இருக்கிற வழக்கம். மூப்பர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். தங்கச்சி பேர் வந்தது. வேறு யார் பேர் வரும்? அந்தச் சீட்டைச் சுருட்டினவர் பாடகர் குழுவில் அவளுக்குப் பின்னால் நிற்கிறவர் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மூப்பர்கள் முகம் சுருங்கிப் போனது. மறுவாரமே வக்கீலைப் பார்த்தேன். அவர் தோப்பின் மதிப்பைக் கணக்குப் பார்த்து, வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் போட வேண்டும் என்றார். மரம் எனக்கே என்று போடுங்கள் என்றேன்.

ஐயர் என் கடைக்கே வந்தார். வாடிக்கையாளருக்குப் போடும் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மிஷினை நிறுத்தவில்லை.

"நீங்க ஜெயிச்சாலும் அது தோல்விதான்னு அப்போஸ்தலன் எழுதியிருக்காரும்மா. அநியாயத்தைச் சகிச்சுக்கிட்டா என்ன, நஷ்டத்தைத் தாங்கிக்கிட்டா என்னன்னு கேக்கிறாரு."

"அவருக்குத் தங்கச்சி இருந்துச்சா ஐயா?"

அவர் சிரிக்கவில்லை. "ஒரு சகோதரி இருந்ததா வேதத்துல வருது" என்றார். எனக்கு அது தெரியாது. தெரியாததை மறைக்க இன்னும் வேகமாக மிஷினை மிதித்தேன். வழக்கு முடிகிறவரைக்கும் நாங்கள் இருவரும் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துப் பந்திக்கு வராமல் இருப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்தார். அது எனக்குச் சுருக்கென்றது. திடப்படுத்தல் எடுத்துப் பந்திக்குத் தகுதியான நாளிலிருந்து நான் பந்தியைத் தவறவிட்டதே இல்லை. அவள்கூடப் பிரசவத்துக்குப் போன சமயங்களில் தவறவிட்டிருக்கிறாள். அவளை மிஞ்சி என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனது.

அப்புறம் வாய்தா வாய்தாவாக ஸ்ரீவில்லிபுத்தூர். கோர்ட் வளாகத்து வேப்பமரத்தின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். டவாலி எங்கள் பேரைக் கூப்பிடுகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அங்கேயும் ஆள் சேர்த்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். என் சொந்த வக்கீலே ஒருநாள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒங்க தங்கச்சி நல்ல மாதிரியாத்தாம்மா இருக்காக" என்றார். என்னிடம் பீஸ் வாங்கிக்கொண்டு அவள் புளியோதரையைத் தின்றுவிட்டு வருகிறார்.

கூமாப்பட்டிக்காரர் ஒருவர் அண்ணன்மேல் வரப்பு வழக்குக்காக வருவார். எங்களை நெடுநாள் கவனித்துவிட்டு ஒருநாள் என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியாமே?"

"ஆமா."

"வேதக்காரகளா?"

"ஆமா."

"வேதக்காரக ஒங்களுக்கு உள்ளயே பேசி முடிச்சுக்கிடுவீகன்னுல்லா நெனச்சேன். நாங்கதான் அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டு இங்கன வந்து கெடக்கோம்." பிறகு வேப்பமரத்தின் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார், "அந்தம்மா மேல நீங்கதான் கேஸ் போட்டீகளா?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நம்ப முடியவில்லை. அந்தம்மா மேல் ஒருத்தி கேஸ் போடுவாளா என்பது அவருடைய ஆச்சரியம். ஜாதி சனம் தெரியாத ஒரு ஆள்கூட அவள் பக்கம். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. அவள் இரண்டு சீட்டு முன்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஐயர் கொரிந்தியர் நிருபத்தின் அந்தப் பகுதியையே எடுத்துப் பிரசங்கம் பண்ணினார். யார் பேரையும் சொல்லவில்லை. சபை முழுதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நியாயம் தன் பக்கம் இருந்தும் விட்டுக்கொடுக்கிறவன்தான் சிலுவையைப் புரிந்துகொண்டவன் என்றார். அப்படி ஒரு ஆளை இந்தச் சபை பார்க்குமானால், அந்த ஆளுக்கு முன்னால் நானே எழுந்து நிற்பேன் என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வழக்குப் போட்டவள் நான். வாபஸ் வாங்கவும் என்னால்தான் முடியும். அவளால் முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஆண்டவர் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. ஐயர் எழுந்து நிற்பார், சபை திரும்பிப் பார்க்கும், பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிற அவளும் பார்ப்பாள். மரம் போனால் போகட்டும். வேலி போட்டவள் என்ற பேரோடு அவள் அந்தப் பழத்தைத் தின்னட்டும். ராத்திரி முழுக்க இதையே நினைத்துச் சந்தோஷப்பட்டேன். காலையில் வக்கீலுக்குப் போன் போட்டு, அடுத்த வாய்தாவில் வாபஸ் என்று சொன்னேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நம்ம பக்கம் பலமா இருக்கு" என்றார். அது இன்னும் நல்லது என்றேன்.

வாய்தா அன்று இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். என் வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கும் முன்னால் அவளுடைய வக்கீல் எழுந்துவிட்டார். கையில் ஒரு மெமோ. பிரதிவாதி வழக்கை ஒப்புக்கொள்கிறார், மரம் அக்காவுக்கே சேர வேண்டியது, வேலியை எடுத்துவிடச் சம்மதம். நீதிபதி படித்துப் பார்த்துவிட்டு, கூண்டுப் பக்கம் நின்ற அவளிடம், "சுய சம்மதத்தோடதான் சொல்றீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா, எங்க அக்காதான" என்றாள். நீதிபதி ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஆயிரம் வழக்குப் பார்த்த மனுஷன். அவருக்கே முகம் இளகிவிட்டது.

நான் ஜெயித்துவிட்டேன். வாழ்க்கையில் அவளிடமிருந்து நான் ஜெயித்தது அந்த ஒன்றுதான். அதைப்போல ஒரு அடியை நான் வாங்கியதும் இல்லை. என் வக்கீல், "வாபஸ் வாங்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு" என்று சிரித்தார். வெளியே வந்ததும் கூமாப்பட்டிக்காரர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "மரம் ஒங்களுக்காமே" என்று மட்டும் சொன்னார். கோர்ட் வாசலிலேயே அவளை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

செய்தி எங்களுக்கு முன்னால் ராஜபாளையம் போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்கு வந்தவர்கள் அளவு கொடுக்கும்போதெல்லாம் அவள் புராணம்தான். "ஒங்க தங்கச்சிக்கு எம்புட்டுப் பெரிய மனசு" என்பார்கள். நான் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். நானும் அன்றைக்கு விட்டுக்கொடுக்கத்தான் போயிருந்தேன் என்று யாரிடம் சொல்லுவது? இனிமேல் சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும். "சொல்லாத. சொன்னா இன்னும் கேவலமா இருக்கும்" என்றுவிட்டார். அவர் சொன்னது சரி என்பதால் அவரோடும் ரெண்டு நாள் பேசவில்லை.

அடுத்து வந்த திருவிருந்து ஞாயிறன்று இருவரும் பந்திக்கு வரலாம் என்று ஐயர் சொல்லியனுப்பினார். போனேன். ஐயர் பிரசங்கத்தில் அவள் பேரைச் சொல்லியே பேசினார். சொன்னபடி, பீடத்தின் நடுவில் அவளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். சபை முழுதும் திரும்பிப் பாடகர் குழுவைப் பார்த்தது. நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அவருக்கு எதிரே இருந்திருக்க வேண்டியவள் நான்.

பந்திக்கு முன்னால் பாட்டு தொடங்கியது. பாதிப் பாட்டில் என் பெஞ்சு அசைந்தது. பார்த்தால், பாடகர் குழுவை விட்டு இறங்கி வந்து தங்கச்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு அவள் இல்லாமல் இழுத்துக்கொண்டு போனது. பின்பெஞ்சில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். இதையும் அவள்தான் முதலில் செய்ய வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, பந்திக்குப் போறதுக்கு முன்னால ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் காதோடு.

"செத்த நேரம் சும்மா இரு, பாட்டு முடியட்டும்."

"முடிஞ்சா சொல்ல மாட்டேன். நீ வாபஸ் வாங்கப் போறன்னு எனக்கு முன்னாலயே தெரியும். ஒங்க வக்கீல் எங்க வக்கீல்ட்ட டீக்கடையில சொல்லிட்டாரு."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அழுதிருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. அப்போதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள்.

"நீ விட்டுக்கொடுத்துட்டா சபையில அம்புட்டுப் பேரும் ஒன்னையத்தான் தூக்கி வச்சுப் பேசுவாக, நான் வேலி போட்டவளா நிப்பேன். அது எனக்குப் பொறுக்கலக்கா. அதான் முந்திக்கிட்டேன். ஐயர் எந்திரிச்சு நின்னப்ப எனக்குக் கூசிப்போச்சு." மூச்சு வாங்கினாள். "நீ ஆண்டவருக்காக விட்டுக்கொடுக்கப் போன. நான் ஒன்னைய முந்தப் போனேன். ஒனக்கு இருக்க மனசு எனக்கு இல்ல. சின்ன வயசுலருந்தே அதுல எனக்கு ஒன் மேல பொறாமைதான்."

அவள் கண்ணில் இருந்ததை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அந்தச் சரக்கை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள், அதுவும் அவள். நானும் உன்னைப்போலத்தானடி, ஆண்டவரும் இல்லை ஒன்றும் இல்லை, உன் முகத்தைப் பார்க்கத்தான் விட்டுக்கொடுக்கப் போனேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரு வாய் வார்த்தை. பாட்டில் இன்னும் ஒரு சரணம் இருந்தது.

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். "சரி விடு. ஆண்டவர் மன்னிப்பாரு" என்றேன்.

பாட்டு முடிந்தது. எங்கள் பெஞ்சின் முறை வந்ததும் அவள் எழுந்து, ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

"நீ முன்னால போக்கா" என்றாள்.

போனேன்.